ஆறு மூழ்கிய இடத்தில் பிறந்த துறைமுகங்கள்: பிரெத்தாஞ் கடற்கரையும் அதன் மாலுமிகளும்

கேள்வி இதுதான். புதுச்சேரியில் சுர்கூஃப் வீதி இருக்கிறது, மாஹே தெ லபூர்தொனே வீதி இருக்கிறது. அந்தப் பெயர்களுக்குரிய மாலுமிகள் இருவருமே பிரான்ஸின் வடமேற்கு மூலையில் உள்ள சேன்-மாலோ என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கிளம்பிய லொரியான் துறைமுகமும் அதே பகுதியில்தான் இருக்கிறது. பிரெத்தாஞ் (ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு பிரிட்டனி) என்ற அந்தக் கடற்கரையில் அப்படி என்ன இருக்கிறது? அதன் நிலவமைப்பு எப்படி, அங்கிருந்து ஏன் இத்தனை மாலுமிகள் வந்தார்கள்?

வேலை நிமித்தம் மூன்று ஆண்டுகள் லொரியானில் இருந்தேன். அந்த நாட்களில் பார்த்தது, படித்தது, கேட்டது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். பிரான்ஸின் மேற்கு ஓரத்தில் ஒரு மூக்கு அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வடக்கே இங்கிலாந்துக் கால்வாய், தெற்கே பிஸ்கே விரிகுடா. மூக்கின் நுனிக்கு ஃபினிஸ்தேர் என்று பெயர், 'நிலத்தின் முடிவு' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அங்கே பேசப்பட்டுவந்த பிரெத்தோன் மொழியில் அதே இடத்துக்கு 'பென்-ஆர்-பெத்' என்று பெயர். அதற்கு 'உலகத்தின் தலை' என்று பொருள் சொல்லலாம். ரோமாபுரியிலிருந்து பார்த்தவனுக்கு முடிவாகத் தெரிந்த இடம், அங்கேயே குடியிருந்தவனுக்குத் தலையாக இருந்திருக்கிறது. அந்த மொழி பிரெஞ்சுக்கு உறவில்லை. வேல்ஸ், கார்ன்வால் மொழிகளுக்கு உடன்பிறப்பு. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கால்வாயைக் கடந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழி அது. பிரெத்தாஞ் என்ற பெயரும் அவர்களோடு வந்ததுதான்.

இந்த நிலத்தின் அடியில் இருப்பது மிகப் பழைய பாறை. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் உயர்ந்த மலைத்தொடராக இருந்து, மழையும் காற்றும் தேய்த்துத் தேய்த்து இன்று வெறும் மேட்டு நிலமாக நிற்கிறது. மிக உயரமான இடமே 385 மீட்டர்தான். வடக்கே ப்ளூமனாக் பக்கம் போனால் கருங்கல்லே இளஞ்சிவப்பாக இருக்கும். வீட்டளவு உருண்டைப் பாறைகள் கடலோரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மாலை வெயிலில் அந்தக் கல் செங்கல் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கவே ஊரெல்லாம் நடைக்கு வரும்.

என் பதிலின் மையம் பாறையைவிட அதில் ஓடிய ஆறுகளில் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இங்கிலாந்துக் கால்வாய் அப்போது தரை. பிரெத்தாஞ்சின் சிற்றாறுகள் பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடின. பனி உருகிக் கடல் ஏறியதும் அந்தப் பள்ளத்தாக்குகளின் வாய்ப்பகுதி அப்படியே மூழ்கிவிட்டது. ஆறு சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் அதன் வாயில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்து ஆழமாக நிற்கும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். உள்ளூர் மொழியில் இதற்கு 'ஆபெர்' என்று பெயர். சேன்-மாலோ ரான்ஸ் ஆற்றின் மூழ்கிய வாயில் இருக்கிறது. பிரெஸ்ட் நகரம் பென்ஃபெல்த் ஆற்றில், லொரியான் ஸ்கோர்ஃப், பிளாவே என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில். இந்த ஊர்களைத் தேடி ராஜாங்கம் வந்ததற்கும், கம்பெனி வந்ததற்கும், போரும் குண்டும் வந்ததற்கும் இந்த மூழ்கிய பள்ளத்தாக்குகளே காரணம்.

அடுத்தது ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம். சோழமண்டலக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆகும். நம் பக்கம் கடல் ஏறி இறங்கும் உயரம் அதிகம் போனால் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். சேன்-மாலோவில் பெரிய ஓத நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும். நான்கு மாடி உயரம்! அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓத அலை கால்வாய் என்ற புனலுக்குள் நுழைகிறது. வலப்பக்கம் கோத்தாந்தேன் தீபகற்பம் சுவர்போல் மறிக்கிறது. போக வழியில்லாமல் மூலையில் நீர் குவிந்து உயர்கிறது. சேன்-மாலோ அந்த மூலையில் இருக்கும் ஊர்.

முதல் தடவை நான் அங்கே போனபோது கோட்டை மதில்மேல் நின்று பார்த்தேன். காலையில் மதிலின் அடிவரை அலை அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பி வந்தால் கடலைக் காணோம். ஈர மணல், பாசி படிந்த பாறை, சாய்ந்து கிடக்கும் படகுகள், வாளியோடு சிப்பி பொறுக்கும் குடும்பங்கள். எதிரே கிராந்-பே என்ற குன்றுத் தீவுக்கு ஆட்கள் சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, போவதென்றால் இப்போதே போய்த் திரும்பிவிடுங்கள், தாமதித்தால் ராத்திரிவரை அங்கேயே இருக்க வேண்டியதுதான் என்றார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உலகம் தலைகீழாகும் ஊர் அது. கடலோர வீடுகளில் ஓத அட்டவணை கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஓதம் எவ்வளவு பெரியது என்பதற்கு 20 முதல் 120 வரை ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எண் ஏறும். சிப்பி பொறுக்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இந்த ஓதத்தை மனிதர்கள் சும்மா விடவில்லை. ரான்ஸ் ஆற்றில் பழங்காலத்திலிருந்தே ஓத நீரைத் தேக்கி மாவரைக்கும் ஆலைகள் இருந்தன. 1966இல் அதே ஆற்றின் குறுக்கே 750 மீட்டர் அணை கட்டி, 24 விசையாழிகள் வைத்து, 240 மெகாவாட் திறனுள்ள ஓத மின்நிலையத்தைத் திறந்தார்கள். இந்த அளவில் உலகத்தில் அதுதான் முதல். இன்றும் ஓடுகிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்தக் கடற்கரையின் முதல் பெரிய கடற்போரே ஓதத்தோடு சம்பந்தப்பட்டது. தெற்குக் கரையில் மொர்பியான் என்று ஒரு உட்கடல் இருக்கிறது. 'சின்னக் கடல்' என்று பொருள். அதைச் சுற்றி வெனேத்தி என்ற மக்கள் வாழ்ந்தார்கள். கி.மு. 56இல் ஜூலியஸ் சீசர் அவர்கள்மேல் படையெடுத்தார். அவர்களுடைய கோட்டைகள் நிலமுனைகளில் இருந்தன. ஓதம் ஏறினால் தரைவழி மூழ்கிவிடும், இறங்கினால் எதிரிக் கப்பல் தரைதட்டிவிடும். ஒரு கோட்டையைப் பிடிக்கப் படை நெருங்கினால் ஆட்களும் சாமான்களும் கப்பலேறி அடுத்த முனைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் கப்பல்களும் இந்தக் கடலுக்கென்றே செய்தவை: ஓக் மரம், தட்டையான அடி, நங்கூரத்துக்கு இரும்புச் சங்கிலி, பாய்க்குத் தோல். ரோமானியர்கள் முட்டி உடைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் நீண்ட கழிகளில் அரிவாள் கட்டிப் பாய்க்கயிறுகளை அறுத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்றும் விழுந்துவிட்டது. துடுப்பில்லாத கப்பல்கள் அசையாமல் நின்றன. அதோடு வெனேத்திகளின் கதை முடிந்தது.

நடுக்காலம் முழுக்க பிரெத்தாஞ் தனி நாடாகவே, ஒரு டியூக்கின் ஆட்சியில் இருந்தது. அன்னா என்ற அரசி இரண்டு பிரெஞ்சு மன்னர்களை அடுத்தடுத்து மணக்க நேர்ந்து, 1532இல் நாடு பிரான்ஸோடு சேர்ந்தது. சேர்ந்தபோதும் சில சலுகைகளைக் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒன்று உப்பு வரி விலக்கு. பிரான்ஸின் பெரும்பகுதியில் உப்புக்குக் கொடுமையான வரி. இங்கே கெராந்த் உப்பளங்களில் களிமண் பாத்தி கட்டி எடுக்கும் உப்பு மலிவாகக் கிடைத்தது. அதனால்தான் இன்றுவரை பிரெத்தாஞ்சில் வெண்ணெய் என்றால் உப்பு போட்ட வெண்ணெய்தான். அந்த மலிவான உப்புதான் மீனை உப்பிட்டுத் தூரதேசம் கொண்டுபோகவும் வழிசெய்தது.

தூரதேசம் என்றால் நிஜமாகவே தூரம். சேன்-மாலோக்காரர் ழாக் கார்த்தியே 1534இல் அட்லாண்டிக்கைக் கடந்து செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போனார். கனடாவில் பிரெஞ்சு மொழி பேசப்படுவதன் தொடக்கம் அந்தப் பயணம். ஆனால் பிரெத்தோன் மீனவர்கள் அதற்கும் முன்பே நியூஃபவுண்ட்லாந்து மேடுகளில் காட் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகளுக்கு ஸ்பானியர் வைத்த 'மால்வினாஸ்' என்ற பெயர்கூட சேன்-மாலோக்காரர்கள் என்று பொருள்படும் 'மலுவின்' என்ற பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்ததுதான்.

இனி லொரியான். நம் வாசகர்களுக்கு இதுதான் நெருக்கமான இடம். 1664இல் மந்திரி கொல்பேர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். கப்பல் கட்ட இடம் வேண்டும். 1666இல் போர்-லூயி கோட்டையைத் தாண்டி உள்ளே, ஸ்கோர்ஃப் ஆறும் பிளாவே ஆறும் சேரும் இடத்தில், புதர் மண்டிய நிலத்தைக் கொடுத்தார்கள். அங்கே கட்டிய பெரிய கப்பலின் பெயர் 'சொலெய் தொரியான்', கீழ்த்திசைச் சூரியன். ஊரே கிடையாத இடம். வேலைக்குப் போகிறவர்கள் 'லொரியானுக்குப் போகிறேன்' என்று கப்பல் பெயரைச் சொல்லப்போய், அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்த அந்தக் கப்பல் 1681இல் சயாம் மன்னர் பதினான்காம் லூயிக்கு அனுப்பிய தூதுக்குழுவை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் கடலில் காணாமல் போனது.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். போர்-லூயி இரண்டு உண்டு. ஒன்று லொரியானுக்கு எதிரே இருக்கும் கோட்டை ஊர், பதின்மூன்றாம் லூயியின் பெயர். இன்னொன்று மொரீஷியஸின் தலைநகர். அதைத் துறைமுகமாக வளர்த்தவர் நம் லபூர்தொனே. 1735இல் அங்கே ஆளுநராகப் போனவர், கட்டட வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். சேன்-மாலோக்காரரின் துறைமுகத்தில் தமிழர் வைத்த கல் இருக்கிறது.

லொரியானிலிருந்து கப்பல்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் கிளம்பும். ஆப்பிரிக்காவைச் சுற்றி, மொரீஷியஸில் தண்ணீரும் உணவும் ஏற்றி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து வங்கக் கடலுக்கு வரும். ஆறு மாதத்துக்குக் குறையாது. போய்த் திரும்ப ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். வந்து சேர்ந்த இடத்தில் என்ன இருந்தது? உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றில் கட்டிய கப்பல், மணல் கரையும் அலையும் தவிர வேறொன்றும் இல்லாத புதுச்சேரிக்கு எதிரே, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆளையும் துணி மூட்டையையும் கொண்டுபோனது நம் ஆட்களின் சலங்குகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே 'ஷெலேங்' என்று தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கப்பலில் இருந்த படகுகள் அந்த அலையில் பயன்படவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வந்த நாளும் அதற்குப் போட்ட பீரங்கி மரியாதைக் கணக்கும் வருகிறதல்லவா, அந்தக் கப்பல்களின் தாய்வீடு இந்த லொரியான்தான்.

திரும்பும் கப்பலில் மிளகு, தேயிலை, காப்பி, சீனப் பீங்கான், எல்லாவற்றுக்கும் மேலாகப் பருத்தித் துணி. 1734 முதல் கம்பெனியின் ஏலம் லொரியானில் நடந்தது. இதில் ஒரு விசித்திரம்: நம் பக்கத்து வண்ணத் துணிகள் பிரான்ஸில் அவ்வளவு மோகத்தைக் கிளப்பியதால், உள்ளூர் நெசவாளரைக் காப்பாற்ற 1686 முதல் 1759 வரை அவற்றை விற்கவும் உடுத்தவும் தடை இருந்தது. ஏலத்தில் வாங்குபவர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அப்புறம் இன்னொரு வழியும் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்லக்கூடாது.

அந்த வழி நாந்த். லுவார் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள நகரம், பழைய பிரெத்தாஞ்சின் தலைநகரங்களில் ஒன்று. இன்றைய நிர்வாகப் பிரிவினையில் வேறு மாநிலத்தில் இருக்கிறது. பிரான்ஸின் அடிமை வியாபாரக் கப்பல்களில் மிக அதிகமானவை கிளம்பிய துறைமுகம் இது. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் முதன்மையானது இந்தியப் பருத்தித் துணி. புதுச்சேரிப் பக்கம் நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணிக்கே 'கினே' என்று ஆப்பிரிக்கக் கரையின் பெயர் வந்துவிட்டது. நம் நெசவாளர்கள் தறியில் உட்கார்ந்து நெய்ததை யாரோ அங்கே மனிதனுக்கு விலையாக வைத்தார்கள். நாந்த் நகரில் ஆற்றங்கரையை ஒட்டி 2012இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். நடைபாதையில் 2,000 கண்ணாடித் தகடுகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் 1,710 தகடுகளில் அந்த ஊரிலிருந்து போன அடிமைக் கப்பல்களின் பெயரும் நாளும். குனிந்து படித்துக்கொண்டே நடந்தேன். கப்பல் பெயர்கள் அவ்வளவு மென்மையாக இருக்கும். கொஞ்ச தூரத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

1746ஆம் ஆண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 21 அன்று லபூர்தொனே சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். பத்தே நாளில், உலகத்தின் மறுபக்கத்தில், ஆங்கிலப் படை லொரியானுக்கு அருகே கரை இறங்கியது. செய்தி போய்ச் சேர மாதக்கணக்காகும் காலம், எனவே ஒன்றுக்கு ஒன்று பதிலடி கிடையாது. அக்டோபர் 7 அன்று லொரியான் சரணடைய முடிவு செய்தது. அதே நேரத்தில் ஆங்கிலேயரும் முடியாது என்று நினைத்து முற்றுகையை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஊர் தப்பியது. சென்னைக்கு எதிரே நின்ற லபூர்தொனேயின் கப்பல்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அக்டோபர் நடுவில் புயல் வந்தது. ஒதுங்க ஒரு ஆற்றுவாய் இல்லாத கரை. கப்பல்கள் மூழ்கின, மிஞ்சியவை பாய்மரம் முறிந்து மிதந்தன. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் கப்பல் நிற்கக்கூடாது என்பது உள்ளூர் மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். அப்புறம் லபூர்தொனேவுக்குப் புதுச்சேரி ஆளுநர் துப்ளேக்ஸோடு சண்டை, பாரிஸில் சிறை, 1753இல் மரணம். அவர் கடலில் தோற்றதைவிடக் கரையில் தோற்றதுதான் அதிகம்.

இதே பாறைக் கரை பிரெஞ்சுக் கடற்படைக்கும் தாயகம். பிரெஸ்ட் நகருக்கு முன்னே 180 சதுர கிலோமீட்டர் அளவுக்கு மூடிய கடல். அதற்குள் போகவர ஒரே வாசல், 1.8 கிலோமீட்டர் அகலம். 1631இல் மந்திரி ரிஷ்லியூ இங்கே கடற்படைத் தளத்தைத் தொடங்கினார். எதிரி உள்ளே வர முடியாது. ஆனால் மேற்குக் காற்று அடிக்கும்போது நம் கப்பலும் வெளியே போக முடியாது என்பது அதன் மறுபக்கம். ஆங்கிலேயர் வாசலுக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்பார்கள். 1759 நவம்பரில் புயல் அவர்களை விரட்டிய இடைவெளியில் கொன்ஃப்லான் தளபதி வெளியேறினார். நவம்பர் 20 அன்று கிபெரோன் விரிகுடாவில் ஆங்கிலத் தளபதி ஹாக் அவரைப் பிடித்தார். பாறை நிறைந்த கடல், வழிகாட்டி இல்லாமல் புயலில் பின்தொடர மாட்டான் என்று பிரெஞ்சுக்காரர் நம்பினார்கள். அவன் பின்தொடர்ந்தான். சில கப்பல்கள் மூழ்கின, சில வீலேன் ஆற்றுக்குள் ஓடித் தப்பி, வெளியே வர முடியாமல் ஓராண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தன. கடலில் பிரான்ஸின் கை ஒடிந்த அந்தப் போருக்குப் பதினான்கு மாதம் கழித்து, 1761 ஜனவரியில், கப்பல் உதவி எதுவும் வராத புதுச்சேரி முற்றுகையில் விழுந்தது.

சுர்கூஃப் பற்றிச் சுருக்கமாக. அவர் கோர்சேர், அதாவது போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்க அரசாங்கமே எழுத்தில் அனுமதி கொடுத்த தனியார் கப்பல்காரர். கடற்கொள்ளையரிடமிருந்து அவரைப் பிரிப்பது அந்தக் காகிதம்தான். பிடித்த சரக்கு கணக்கு எழுதி, தீர்ப்பு வாங்கி, பங்கு பிரிக்கப்படும். 1800 அக்டோபர் 7 அன்று வங்கக் கடலில் 'கென்ட்' என்ற பெரிய ஆங்கிலக் கப்பலைத் தன் சிறிய 'கொன்ஃபியான்ஸ்' கப்பலால் பிடித்தது அவருடைய புகழுக்குக் காரணம். சேன்-மாலோவில் சிலை இருக்கிறது. அவர் அடிமை வியாபாரமும் செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது தளபதிகள் கதை. இந்தக் கடற்கரையை எனக்கு நெருக்கமாக்கியது வேறு ஆட்கள்.

ஃபினிஸ்தேர் முனைக்கு அப்பால் உவெசான், மொலேன், செய்ன் என்ற தீவுகள். இவற்றுக்கிடையே நீரோட்டம் ஆறுபோல் ஓடும். மாலுமிகள் ஒரு வழக்குச் சொல் வைத்திருக்கிறார்கள்: மொலேனைப் பார்த்தவன் தன் துயரத்தைப் பார்ப்பான், உவெசானைப் பார்த்தவன் தன் ரத்தத்தைப் பார்ப்பான், செய்னைப் பார்த்தவன் தன் முடிவைப் பார்ப்பான். செய்ன் தீவுக்கு மேற்கே நீருக்குள் மறைந்திருக்கும் பாறைவரிசையின் நுனியில் 'ஆர்-மென்' என்று ஒரு பாறை. 'அந்தக் கல்' என்பதுதான் பெயரின் பொருள். அதன்மேல் கலங்கரை விளக்கம் கட்ட 1867இல் ஆரம்பித்தார்கள். ஓதம் நன்றாக இறங்கும் நாளில்தான் பாறை தலைகாட்டும். செய்ன் தீவு மீனவர்கள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு பாறையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் கல்லைப் பிடித்து, மறு கையால் துளை போட்டார்கள். அலை வருகிறதென்று ஒருவர் கத்துவார், எல்லாரும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். முதல் ஆண்டு முழுக்க ஏழு முறைதான் பாறையில் கால் வைக்க முடிந்தது. மொத்த வேலை நேரம் எட்டு மணி. விளக்கு எரிந்தது 1881இல். பதினான்கு ஆண்டு! 1990 வரை ஆட்கள் அதற்குள் இருந்து விளக்கைக் காத்தார்கள்.

உவெசான் தீவில் 'ப்ரொயெல்லா' என்று ஒரு சடங்கு இருந்தது. கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் மெழுகில் ஒரு சின்னச் சிலுவை செய்வார்கள், கைக்குள் அடங்கும் அளவு. வீட்டில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, அதன்மேல் அந்தச் சிலுவையை வைப்பார்கள். உறவும் அக்கம்பக்கமும் இரவெல்லாம் உட்கார்ந்து ஜெபிக்கும், உடல் கிடந்தால் எப்படியோ அப்படியே. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஊர்வலம். பிறகு கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சிலுவைகளுக்கென்றே கட்டிய சிறிய மண்டபத்தில் சேரும். அந்த மண்டபத்தின் முன் நின்றால் கடல் சத்தம் கேட்கும். பேச்சு வராது.

வடக்கே பெம்போல் ஊரிலிருந்து 1852 முதல் 1935 வரை ஐஸ்லாந்துக் கடலுக்குக் காட் மீன் பிடிக்கப் போனார்கள். குளிர்கால முடிவில் கிளம்பினால் கோடை முடியும்போதுதான் வீடு. அந்த எண்பது சொச்ச ஆண்டில் சுமார் 120 கப்பல்களும் 2,000 ஆட்களும் திரும்பவில்லை. பக்கத்தில் ப்ளூபாஸ்லானெக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மதில் முழுக்கப் பலகைகள், கப்பல் பெயரும் காணாமல் போன ஆண்டும் எழுதியவை. அவர்களைக் கடலுக்கு அனுப்பியது வறுமை. பாறைமேல் மெல்லிய மண், சிறு துண்டு நிலம், வீடு நிறையப் பிள்ளைகள். சாகசம் தேடிப் போனவர்கள் குறைவு.

பெண்கள் கரையில் சும்மா இருக்கவில்லை. துவார்னனே ஊரில் மத்தி மீன் டப்பா ஆலைகள். அங்கே வேலை செய்த பெண்களுக்கு அவர்கள் கட்டிய தலைத்துணியை வைத்து 'பென் சர்தின்', மத்தித் தலை என்று பெயர். மீன் காத்திருக்காது, எனவே படகு எப்போது வந்தாலும் வேலை, பகலோ இரவோ. தூக்கம் வராமலிருக்கச் சேர்ந்து பாடுவார்கள். மணிக்கு 80 சாந்தீம் கூலி (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்). 1924 நவம்பரில் வேலையை நிறுத்தினார்கள். ஆறு வாரத்துக்கு மேல் நடந்தது. புத்தாண்டு அன்று, அவர்கள் பக்கம் நின்ற நகரத் தலைவர் லெ ஃப்லான்ஷெக்கை வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த கூலியாட்கள் சுட்டார்கள். அவர் பிழைத்தார். ஊர் கொதித்தது. 1925 ஜனவரி முதல் வாரத்தில் மணிக்கு ஒரு பிராங்க் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். பிரான்ஸில் பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத அந்த ஆண்டில், அவர்களில் ஒருவரான ழொசெஃபின் பென்கலேயை ஊர்மக்கள் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் என்பதால் அந்தத் தேர்தலை ரத்து செய்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் நல்ல துறைமுகமாக இருந்ததே இந்த ஊர்களுக்கு வினையானது. ஜெர்மானியர் பிரெஸ்டிலும் லொரியானிலும் நீர்மூழ்கித் தளம் கட்டினார்கள். 1943 தொடக்கத்தில் நேசநாட்டுக் குண்டுகள் லொரியான் நகரத்தைத் தரைமட்டமாக்கின. கான்கிரீட் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கெரொமான் என்ற அந்தத் தளம் இன்றும் நிற்கிறது. அதனால்தான் கம்பெனிக் காலத்து லொரியானைத் தேடிப் போகிறவருக்கு அங்கே அதிகம் கிடைக்காது. சேன்-மாலோவும் 1944 ஆகஸ்டில் எரிந்தது. நாம் இன்று பார்த்து வியக்கும் பழைய நகரம் பெரும்பாலும் அதே கல்லை அடுக்கித் திரும்பக் கட்டியது. செய்ன் என்ற அந்தச் சின்னத் தீவிலிருந்து 1940 ஜூனில், பிரெஞ்சுத் தளபதி தெகோல் போரைத் தொடர அழைத்ததும், 120க்கு மேற்பட்ட ஆண்கள் படகேறி இங்கிலாந்து போனார்கள். தீவில் மிஞ்சியவர்கள் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்.

1978 மார்ச் 16 அன்று 'அமோகோ காடிஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் சுக்கான் பழுதாகி போர்சால் பாறைகளில் மோதியது. 2,20,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. ஊராட்சிகள் ஒன்றுகூடி அமெரிக்காவில் சிகாகோ நீதிமன்றம்வரை போய் 14 ஆண்டு வழக்காடின. அதற்குப் பின்னர் பெரிய கப்பல்கள் உவெசானிலிருந்து தள்ளிப்போக வேண்டும் என்று பாதை வகுத்தார்கள். ரொஸ்கோஃப் பக்கத்து விவசாயிகள் செய்ததும் எனக்குப் பிடித்த கதை. தங்கள் காலிஃபிளவரை இங்கிலாந்தில் விற்க யாரும் கப்பல் விடவில்லை என்று அவர்களே ஒரு கப்பல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1973 ஜனவரியில் ரொஸ்கோஃபிலிருந்து பிளிமத்துக்கு முதல் கப்பல் போனது. பிரிட்டனி ஃபெரிஸ் என்று இன்று பயணிகள் ஏறும் கப்பல்கள் அவர்களுடைய அந்த முயற்சியில் பிறந்தவைதான்.

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஒன்று சொல்கிறேன். லொரியானில் இறங்கியதும் ஆற்றைக் கடக்கும் சின்னப் பயணிப் படகில் ஏறி போர்-லூயி போங்கள். கொஞ்ச நேரப் பயணம்தான். கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சம் குறைத்த அறையில், சோழமண்டலக் கரையில் கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் விரித்திருப்பார்கள். சிவப்பு இன்னும் மங்கவில்லை. பார்த்துவிட்டு மதில்மேல் ஏறினால், வெளியே போகும் ஒவ்வொரு படகும் பாறைகளுக்கு நடுவே கோட்டையின் காலடியை ஒட்டிப் போவது தெரியும். புதுச்சேரிக்குக் கிளம்பிய கப்பல்களும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயின.